கண்ணாடிச் சிப்பி

ஞானதாஸ் வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே, கட்டில் போட வேண்டிய இடத்தில், பிணம் வைக்கும் குளிர்பெட்டி கிடந்தது. வெளியே தகரக் கொட்டகையில் வைத்தால் கடற்காற்றின் உப்பு ஒரே மழைக்காலத்தில் கம்ப்ரசரைத் தின்றுவிடும். அதனால் சாவு இல்லாத நாட்களில் பெட்டி வீட்டுக்குள்தான் இருக்கும். மேலே ஒரு பழைய போர்வை. போர்வை மேல் துவைத்த துணி, மகள் ஜெனிட்டாவின் பள்ளிக்கூடப் பை, சில நாள் சோற்றுத் தட்டு.

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகும் சாலைக்கு மேற்கே இருந்தது சவுக்குத்தோப்புக் காலனி. முன்பு அங்கிருந்த எல்லாரும் பாலாற்றங்கரை வயல்களில் கூலிக்கு நின்றவர்கள். இப்போது சிலர் சிற்பக்கூடங்களில் கல்லுக்குப் பாலிஷ் போட்டார்கள், சிலர் ஆட்டோ ஓட்டினார்கள், பெண்கள் கடலோர ரிசார்ட்டுகளில் வேலை செய்தார்கள். ஞானதாஸ் பந்தல்காரன். சேர், மைக் செட், சீரியல் லைட்டோடு குளிர்பெட்டியும் வைத்திருந்தான். சுற்று வட்டாரத்தில் அவனை விட்டால் கருங்குழியில் ஜான்சனிடம்தான் பெட்டி உண்டு.

சாவு வீட்டிலிருந்து பெட்டி திரும்பியதும் பினாயில் ஊற்றிக் கழுவுவான். பிறகு மஞ்சள் தண்ணீர். மூடியின் ஓரத்து ரப்பருக்கு அடியில் துடைப்பது ஜெனிட்டாவின் வேலை. அவள் விரல்தான் அங்கே நுழையும். அடுத்த சாவுக்கு முன் மிஷின் ஓடுகிறதா என்று அவ்வப்போது போட்டுப் பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் அப்படிப் போடும்போது ஜெனிட்டா உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டு பாடம் படிப்பாள். சின்ன வயதில் அப்படியே தூங்கியும் போவாள்.

"எந்திரிடி, சளி புடிச்சிக்கும்" என்று அம்மா ரெஜினா அதட்டுவாள். அதற்கு மேல் அதில் சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை. காலனிப் பிள்ளைகள் அந்த வீட்டுக்குள் விளையாட வரமாட்டார்கள். ஜெனிட்டா வெளியே போய் விளையாடுவாள், அவ்வளவுதான்.

சுந்தரவல்லி டீச்சர் திருக்கழுக்குன்றத்துக்காரி. கல்பாக்கம் அணுசக்தி ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் நாட்டிய வகுப்பு நடத்தினாள். ஜெனிட்டா படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தபோது, கடைசி வரிசையில் நின்றிருந்த அவளைப் பார்த்து, "இந்தப் பொண்ணு கால ஏமாத்தாம வைக்கறா" என்று கையோடு வகுப்பில் சேர்த்துக்கொண்டாள். மூன்று வருஷமாக ஜெனிட்டா ஷேர் ஆட்டோவில் போய் வந்தாள்.

அந்த வருஷம் டீச்சர் பெரிதாக ஒன்றுக்கு ஆசைப்பட்டாள். சென்னையில் 'முத்துத்தீவு' என்ற பாட்டு நாடகம் டிக்கெட் கிடைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பாட்டுகள் எல்லார் போனிலும் இருந்தன. பிள்ளைகளை வேன் வைத்து அழைத்துப் போய்க் காட்டினாள். வற்றிப்போன தீவு. அதன் கடலடியில் கண்ணாடிச் சிப்பிக்குள் ஒரு பெண் தூங்குகிறாள். தீவு மக்கள் எல்லாரும் சேர்ந்து அவள் பெயரைப் பாடிக் கூப்பிடும்போது சிப்பி திறக்கிறது, புகை எழுகிறது, அவள் எழுந்து ஆடுகிறாள். மழை வருகிறது. அந்தக் கதையை அந்தப் பாட்டுகளோடு நாட்டியமாக்கி அணுபுரம் மன்றத்தில் போடுவதென்று முடிவானது. சிப்பிப் பெண் ஜெனிட்டா.

ஆனால் சிப்பி கிடைக்கவில்லை.

மேடை அளவெடுக்க வந்த ஞானதாஸிடம் டீச்சர் சொன்னாள். "சென்னையிலேர்ந்து வரவழைக்கணும்னா லாரி பிடிக்கணுமாம். நம்மால ஆகாது. அந்த சீனையே எடுத்துடலாம்னு பார்க்கறேன்."

"அப்ப எம் பொண்ணு, டீச்சர்?"

"கூட்டத்தோட ஆடுவா. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

ஞானதாஸ் டேப்பைச் சுருட்டினான். "எம்மாம் பெருசு வேணும் அது?"

"ஒரு ஆள் படுக்கற அளவு. மூடி கண்ணாடியா இருக்கணும். உள்ள லைட் எரியணும். திறக்கறப்ப புகை வந்தா நல்லது, வராட்டா போகட்டும்."

ஞானதாஸ் சிரித்துவிட்டான். "பொகயும் வரும் டீச்சர். எங்கிட்டயே கீது."

டீச்சர் இரண்டு கையையும் கூப்பினாள். என்ன பெட்டி என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதாக அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ரெஜினா நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"யோவ், பொட்டிய மேடையில வெக்கப் போறியா?"

"இன்னாவாம்? நல்லா கய்வி, சில்வர் பேப்பரு ஒட்டி, மேல கிளிஞ்சலு பதிச்சா சோக்கா இருக்கும்."

"அதில்லய்யா. அன்னிக்குன்னு எவனாச்சும் செத்துட்டா?"

"ரெண்டு மணி நேரத்துல எவன் சாவப் போறான்? செத்தாலும் குளிப்பாட்டி, மால வாங்கி, ஒறமொறைக்கெல்லாம் போன் போட்டு முடிக்கவே அம்மாம் நேரம் ஆவும்."

ஜெனிட்டா பெட்டியின் மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். "செத்தவங்களுக்கு இன்னாம்மா அவசரம்?"

மூவரும் சிரித்தார்கள். மற்றவர்கள் அந்தப் பெட்டியை எப்படிப் பார்ப்பார்கள் என்ற யோசனை மூவரில் ஒருவருக்கும் வரவில்லை.

சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குத் தாயும் மகளும் போய்க் கிளிஞ்சல் பொறுக்கினார்கள். வெந்நீரில் போட்டு அலசியும் கவிச்சி போகவில்லை. ரெஜினா ரிசார்ட்டில் சலவைப் பிரிவில் இருந்தாள். கழித்துப் போட்ட நீலத் திரைச்சீலை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து மகளுக்கு உடுப்பு தைத்தாள். அந்தத் திரையை மடிக்க அவளோடு மறுமுனை பிடித்தவள் எல்லப்பன் பெண்டாட்டி தெய்வநாயகி. காலனியில் நான்கு வீடு தள்ளி இருந்தாள். ஈரமான படுக்கை விரிப்பை ஒருத்தி ஒரு முனையும் இன்னொருத்தி மறு முனையும் பிடித்து உதறி மடிப்பதுதான் இருவருக்கும் தினப்படி வேலை.

"ஏய் ரெஜி, ஆட்டத்துக்கு நானும் வருவேன். மொத வரிசைல சேர் போடச் சொல்லு உம் புருசன."

"உனுக்கில்லாத சேரா? தூங்காம பாக்கணும், தெரிதா?"

"எம்புள்ள ஆடறப்ப தூங்குவனா?"

மறுவாரம் தெய்வநாயகி காய்ச்சலில் படுத்தாள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஞானதாஸ் பெட்டியை ஜோடித்துவிட்டு ஒரு காரியம் செய்தான். மூடி போட்டால் காற்றுப் புகாது. மகளின் பழைய ரப்பர் செருப்பைத் துண்டுகளாக வெட்டி, விளிம்பின் நான்கு மூலையிலும் பசை போட்டு ஒட்டினான். மூடி அதன்மேல் விரல் கனம் தூக்கி நின்றது.

"படு பாப்பா. மூச்சு வுட்டுப் பாரு."

"வருது நைனா."

"மூடி தொறக்கறதுக்குள்ள எந்திரிக்காத."

"டீச்சரும் அதான் சொன்னாங்க. பாட்டுல பேர் வர்ற வரைக்கும் கண்ணே தொறக்கக் கூடாதாம்."

நிகழ்ச்சிக்கு முதல் நாள் மன்றத்தில் ஒத்திகை. வெள்ளிக் காகிதமும் கிளிஞ்சலும் ஒட்டிய சிப்பியைப் பார்த்துப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். மூடியைத் திறந்ததும் கடற்காற்றின் ஈரம் பட்டுக் குளிர் புகையாக வழிந்து மேடையில் இறங்கியது. "ஐயோ, ஏசி மாதிரி இருக்கு!" என்று மானசா முதலில் ஏறிப் படுத்தாள். பிறகு ஒவ்வொருத்தியும். அழைத்துப் போக வந்த பெற்றோர்கள் போனில் படம் எடுத்தார்கள். மானசாவின் அப்பா பட்டாபிராமன் மகளை மறுபடி படுக்கச் சொல்லி, இரண்டு கையையும் மார்பின்மேல் கோத்து வைத்துப் படம் எடுத்தார். "பிரமாதம், ஞானதாஸ். புரொபஷனல் வேலை" என்றார். ஞானதாஸ் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான்.

சனிக்கிழமை காற்றே இல்லை. சவுக்கு மரங்கள் அசையாமல் நின்றன. ஞானதாஸ் காலையிலிருந்து மேடைக்குத் தட்டி கட்டி, ஒயர் இழுத்து, சட்டை உடம்போடு ஒட்டிப்போய் நின்றான். வெயில் சாயும்போது எல்லப்பனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாத்த... தெய்வா பூட்டாய்யா."

ஞானதாஸ் மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"காலீல கூட கஞ்சி கேட்டா அண்ணாத்த. வண்டில எட்துகினு வந்துகினு கீறோம். பெரியவன் திருப்பூர்லேர்ந்து வரணும், காத்தால ஆயிரும். பொட்டிய கொண்டாந்து வெச்சிரு. இந்த வெயில்ல தாங்காது."

"எல்லப்பா... பொட்டி வெளிய கீதுடா. கொஞ்ச நேரத்துல கொண்டாந்துர்றேன்."

"யாரு வூட்ல?"

"ஏழு மணிக்கெல்லாம் வந்துரும்டா. நானே எட்துகினு வரேன்."

ஜான்சனுக்குப் போன் போட்டான். "மதுராந்தகத்துல ஒரு வாத்தியார் வூட்ல கீது மச்சான், நாளிக்கிதான் எட்ப்பாங்க" என்றான் ஜான்சன். ஞானதாஸ் மேடைக்குப் பின்னால் போனான். ரெஜினா மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். சேதி கேட்டதும் அவள் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. கத்தவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏத்துய்யா பொட்டிய. இப்பவே ஏத்து."

"பாப்பா சீனு?"

"தரையில படுத்து ஆடட்டும். தெய்வாய்யா அவ!"

"மூணு மாசமா இதுக்குன்னே ஆடிகினு கீறா ரெஜினா. ஆறு மணிக்கு ஆரம்பம், ஆறரைக்கு சிப்பி. ஏழுக்கு நான் அங்க நிப்பேன். அதுவரிக்கும் ஐசு வெச்சிப்பாங்க."

"ஐசா? இன்னா ஐசு? மீனுக்கு வெக்கற ஐசா?"

ஞானதாஸ் மகளைத் திரும்பிப் பார்த்தான். ஜெனிட்டா முகத்தில் பாதி அரிதாரம் பூசியிருந்தது. சிவப்புச் சாயம் காயாத விரல்களை விரித்துப் பிடித்தபடி இருவரையும் பார்த்தாள்.

"நீ சொல்லு பாப்பா" என்றான் ஞானதாஸ்.

அவள் விரல்களையே பார்த்தாள். "எம் பாட்டு முடிஞ்ச ஒடனே ஏத்திரலாம் நைனா."

ரெஜினா அவளை அடிக்கக் கை ஓங்கினாள். சாயமும் பின்னலும் பார்த்துக் கையை இறக்கினாள். "நான் போறேன்" என்று செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே நடந்தாள்.

ஆறு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கவில்லை. தலைமை விருந்தினர் கேளம்பாக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். ஞானதாஸ் டீச்சரிடம் போய் நின்றான்.

"டீச்சர், பொட்டிய கொஞ்சம் சீக்கிரம் எட்துகினு போவணும். அந்த சீன மொதல்ல வெச்சிக்கலாமா?"

"நடுக்கதை எப்படி முதல்ல வரும், ஞானதாஸ்? என்ன அவசரம்?"

சொல்ல வாயெடுத்தான். பட்டுப்பாவாடைகளும் பூவுமாகப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றான்.

போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. விருந்தினர் வந்தார், விளக்கேற்றினார், சால்வை போட்டுக்கொண்டார், பேசினார். பேச்சில் மழைநீர் சேமிப்பு வந்தது. ஞானதாஸ் போனை அணைத்தான். அதுவரை எவர் சாவுக்கும் அவன் போனை அணைத்ததில்லை.

இருட்டிய பிறகுதான் சிப்பிக்கு முந்தைய அலைப்பாட்டு முடிந்து திரை மூடியது. ஞானதாஸும் லைட்காரனும் சிப்பியை மேடை நடுவுக்குத் தள்ளினார்கள். மிஷினை நிறுத்தினான். ஜெனிட்டா நீல உடுப்போடு ஏறிப் படுத்தாள். உலோகத்தட்டின் குளிர் முதுகில் பட்டு அவள் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

"பயமா கீதா?"

"இல்ல நைனா. நம்ம பொட்டிதான?"

மூடியை இறக்கினான். திரை விலகியது. நீல வெளிச்சத்தில் கண்ணாடிக்குள் கிடந்த பெண்ணைப் பார்த்து மன்றம் முழுக்க "ஆ" என்றது. தீவு மக்களாக நின்ற பிள்ளைகள் மெதுவாகச் சுற்றி வரத் தொடங்கினார்கள்.

பக்கவாட்டுக் கதவில் எல்லப்பன் நின்றிருந்தான். அழுக்கு லுங்கி, மேலே சட்டை இல்லாமல் ஒரு துண்டு. கேட்டபோதெல்லாம் ரெஜினா "வந்துரும்" என்றே சொன்னதால், பெட்டியைத் தேடிக்கொண்டு அவன் ஞானதாஸ் வீட்டுக்குப் போயிருக்கிறான். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, மேடைச்சாமான் போன இடத்தை யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மேடையைப் பார்த்தான். கிளிஞ்சலையும் வெள்ளிக் காகிதத்தையும் தாண்டி, கீழே கம்ப்ரசரின் பச்சைப் பெயிண்டு அவனுக்குத் தெரிந்தது. போன வருஷம் அவன் அண்ணனை அதில்தான் வைத்திருந்தார்கள்.

சேர்களுக்கு நடுவே நடந்து மேடைக்கு முன்னால் வந்து நின்றான். மேடை விளிம்பில் வைத்த மைக்குகள் திறந்திருந்தன. அவன் கத்தவில்லை. ஆனாலும் மன்றத்தின் எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது.

"ஞானதாசு. எறக்குய்யா பொட்டிய. எம் பொண்டாட்டி மீன் ஐசுல கெடக்கிறா."

பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பாட்டு நின்றது.

"இன்னாய்யா பாக்கற? உம் பொண்ணு ஆடி முடிக்கிற வரிக்கும் தெய்வா காத்துகினு கெடக்கணுமா? பொணத்துப் பொட்டியில பொண்ண படுக்க வெச்சி வேடிக்க காட்டறியேய்யா!"

முதலில் ஒரு பெண் எழுந்து, மேடையில் நின்ற தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. நேற்று எடுத்த படங்கள் எல்லார் போனிலும் இருந்தன. பட்டாபிராமன் மேடைக்குப் பின்னால் பாய்ந்து வந்தார்.

"ஏன்யா, அறிவிருக்கா உனக்கு? என் குழந்தைய அதுல படுக்க வச்சிருக்க!"

"கய்விதான் சார் வெச்சேன்..."

"கழுவினா? கழுவினா சரியாப் போச்சா? உங்க வீட்டுல வேணா அதுல படுத்துத் தூங்குங்க!"

"தூங்குவா சார்" என்றான் ஞானதாஸ். "சின்னதுலேர்ந்து அதுலதான் சார் தூங்குவா."

அவன் எதிர்த்துப் பேசவில்லை. உள்ளதைத்தான் சொன்னான். பட்டாபிராமன் ஒரு அடி பின்னால் போனார்.

சுந்தரவல்லி டீச்சர் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, ஞானதாஸ்."

"நீங்க கேக்கலயே டீச்சர்."

இத்தனைக்கும் ஜெனிட்டா கண்ணைத் திறக்கவில்லை. மூடிக்குள் சத்தம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் கேட்டது. யாரோ பேசுகிறார்கள், யாரோ ஓடுகிறார்கள். பாட்டில் பெயர் வரவில்லை. அதனால் கைகளைக் கோத்தபடி அசையாமல் கிடந்தாள். ஞானதாஸ் வந்து மூடியைத் தூக்கினான். மிச்சமிருந்த புகை எழுந்தது. தோளைத் தொட்டான்.

"எந்திரி பாப்பா."

"பேர் வரலயே நைனா."

"வராது. எந்திரி."

எல்லப்பனும் ஞானதாஸும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பெட்டியைத் தூக்கினார்கள். வேறு யாரும் தொடவில்லை. டாட்டா ஏஸில் ஏற்றினார்கள். எல்லப்பன் முன்னால் உட்காராமல் தன் பைக்கில் ஏறிப் போய்விட்டான். ஜெனிட்டா பின்பக்கம் பெட்டியோடு உட்கார்ந்தாள். வண்டி கேட்டைத் தாண்டும்போது மன்றத்திலிருந்து பாட்டு மறுபடி தொடங்கியது. அவளுடைய பாட்டுதான். சிப்பி இல்லாமல் யாரையோ ஆட விட்டிருக்கிறார்கள். சலங்கைச் சத்தத்தை வைத்து அது மானசா என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது அடியில் வழக்கமாக அவள் தாளம் விடுவாள். அன்றும் விட்டாள்.

எல்லப்பன் வீட்டு வாசலில் டியூப் லைட் எரிந்தது. தெய்வநாயகியை பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். குப்பத்து ஐஸ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஐஸ் கட்டிகளைச் சுற்றி அடுக்கி மேலே உமி போட்டிருந்தார்கள். கரைந்த தண்ணீர் வாசல் முழுக்க ஓடி மீன் வாடை அடித்தது. ரெஜினா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக் கை வெளுத்துப் போயிருந்தது. மூன்று மணி நேரமாக ஊற்றியிருக்கிறாள்.

மினுக்கிக்கொண்டு பெட்டி இறங்கியதும் ஒப்பாரி நின்றுபோனது.

"இன்னாடி இது, தேரு மாரி?" என்றாள் ஒரு கிழவி.

ரெஜினா எழுந்து வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. வெள்ளிக் காகிதத்தை இரண்டு கையாலும் கிழித்தாள். கிளிஞ்சல்கள் தரையில் தெறித்தன. பிள்ளைகள் பொறுக்க ஓடி வந்தார்கள், யாரோ அதட்டினார்கள். ஞானதாஸ் ஒயரை இழுத்து மிஷினைப் போட்டான். ஜெனிட்டா யாரும் சொல்லாமலே உள்ளே குனிந்து துடைத்தாள். தட்டில் அவள் முதுகின் அரிதாரப் பொட்டு ஒட்டியிருந்தது. மல்லிகை ஒன்று உதிர்ந்து கிடந்தது. எடுத்தாள்.

"தெய்வா கால நீ புடி" என்றாள் ரெஜினா ஒருத்தியிடம். தோள்பக்கத்தைத் தானே பிடித்தாள். விரிப்பு மடிப்பதுபோல் இருவரும் ஒரே நேரத்தில் தூக்கி உள்ளே இறக்கினார்கள். ஒரு பக்கக் கன்னம் ஐஸ் பட்டுக் கறுத்திருந்தது. ரெஜினா அந்தப் பக்கம் சேலையை இழுத்துவிட்டாள்.

ஞானதாஸ் மூடியை வைத்தான். சேரவில்லை. அழுத்தினான். ஒரு விரல் இடைவெளி அப்படியே நின்றது.

"இன்னாதுய்யா?" என்றான் எல்லப்பன். "அதையும் கெடுத்து வெச்சிட்டியா? காத்தாலக்குள்ள வெந்துருவாளே!"

ஞானதாஸ் மூடியைத் திருப்பி வைத்துப் பார்த்தான். கம்ப்ரசரைக் குனிந்து பார்த்தான். அவனுக்கு அது நினைவுக்கே வரவில்லை. மாலை போட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஜெனிட்டாவுக்கு நினைவு வந்தது. நீல உடுப்போடு பெட்டியருகே மண்டியிட்டாள். சாயம் பூசிய விரலை விளிம்பு ரப்பருக்குள் விட்டு ஒரு மூலையில் நெம்பினாள். பசை விட்டு அந்தத் துண்டு வந்தது. மற்ற மூலைகளுக்கும் முழங்காலாலேயே நகர்ந்து போய் ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். செருப்புத் துண்டு என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"இப்ப வெய்யி நைனா."

மூடி இறங்கி, சத்தமில்லாமல் நாலாபுறமும் சேர்ந்துகொண்டது. உள்ளே கண்ணாடி மேல் பனி படியத் தொடங்கியது. தெய்வநாயகியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது.

ஒப்பாரி மறுபடி எழுந்தது. தெய்வா, தெய்வா என்று பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கையை இறுக்கி மூடிக்கொண்டு ஜெனிட்டா கண்ணாடியையே பார்த்தபடி மண்டியிட்டிருந்தாள்.